சோடாவும் நிலக்கரியும்

நிலத்துக்கு அடியில் வாயு இருக்கிறது என்று யாராவது சொன்னால், நம்மில் பலருக்கு மனத்தில் உடனே ஒரு குகை விரியும். இருட்டான பெரிய குகை, அது நிறைய வாயு. மேலிருந்து குழாயைச் செருகினால் வீட்டு சிலிண்டர் மாதிரி வந்துகொண்டே இருக்கும். தீர்ந்தால் குகை காலி. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். டீ ஆறுவதற்குள் அந்தக் குகையை இடித்துவிடுவோம். நிலக்கரிச் சுரங்கத்து மீத்தேனைப் புரிந்துகொள்ள விடாமல் வழியை மறிப்பது அதுதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் நாட்டுச் சுரங்க விதிகள் நிலக்கரி அடுக்குகளை வாயுவின் அளவை வைத்து மூன்று தரமாகப் பிரிக்கின்றன. மூன்றாம் தரம் என்றால், ஒரு டன் கரி வெட்டும்போது 10 கனமீட்டருக்கு மேல் மீத்தேன் வெளிவரும் என்று பொருள். ஒரு டன் கரி பூமிக்குள் அடைத்துக்கொள்ளும் இடமோ முக்கால் கனமீட்டர் சொச்சம்தான். தன்னைவிடப் பத்து மடங்குக்கும் பெரிய விருந்தாளியை அது எங்கே உட்கார வைத்தது?

கரியைக் கையில் எடுத்தால் கெட்டியான கல் மாதிரி தெரியும். உள்ளே கண்ணுக்கு எட்டாத நுண்துளைகள் கோடி கோடி. ஒரு கிராம் கரியில், அதாவது கால் டீஸ்பூன் சர்க்கரை அளவு துண்டில், அந்தத் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் ஒரு வீட்டுத் தரை அளவுக்கு வரும். அந்தச் சுவர்களில்தான் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைக்குக் குளித்துவிட்டு சாம்பிராணிப் புகை போட்டால், புகை கலைந்த பிறகும் வாசம் கூந்தலிலேயே நிற்கிறதல்லவா? கூந்தலுக்குள் குகை எதுவும் இல்லை. ஒவ்வொரு இழையின் மேலும் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இதற்குப் ‘பரப்புக் கவர்ச்சி’ என்று பாடப்புத்தகத்தில் பெயர்.

ஒட்டியது ஏன் பிரிகிறது? இதற்குக் கோலி சோடாவைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கோலி மேலே அடைத்திருக்கும் வரை சோடா வெறும் தண்ணீர் மாதிரி அமைதியாக இருக்கும். கட்டைவிரலால் கோலியை உள்ளே தள்ளுங்கள், ‘புஸ்’ஸென்று பொங்குகிறது. புதிதாக வாயு எதையும் நாம் சேர்க்கவில்லை. அழுத்தத்தை மட்டும் எடுத்துவிட்டோம். பூமிக்குள் கரிக்கு மேலே பாறையும், விரிசல்களில் தண்ணீரும் கோலி மாதிரி அழுத்திக்கொண்டிருக்கின்றன. அந்த அழுத்தம் போனால் மீத்தேன் சுவரை விட்டுக் கிளம்பிவிடும்.

சுரங்கம் வெட்டுவது என்றால் கோலியைத் தள்ளுவது. கரியை வெட்டினால் வாயு வரத்தான் செய்யும். வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. (வீட்டு சிலிண்டர் வாயு நாறுவதுகூட நம்மை எச்சரிக்கச் சேர்க்கிற சரக்கால்தான்.) காற்றைவிட லேசு என்பதால் சுரங்கத்தின் கூரையில் போய்த் தங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால், ஒரு பொறி போதும்.

1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் அப்படி வெடித்து 92 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 1815இல் ஹம்ஃப்ரி டேவி, சுடரைச் சுற்றிக் கம்பிவலை போட்ட விளக்கைச் செய்தார். வலை சூட்டை வாங்கிக்கொள்வதால் தீ வெளியே தாவாது. அந்த விளக்கின் திரியைத் தாழ்த்தி, மெதுவாகக் கூரைப் பக்கம் உயர்த்துவார்கள். மீத்தேன் இருந்தால் மஞ்சள் சுடரின் தலையில் வெளிர்நீலத் தொப்பி ஒன்று முளைக்கும். தொப்பி எவ்வளவு உயரமோ அவ்வளவு வாயு. இன்று கருவிகள் அந்த வேலையைச் செய்கின்றன. காற்றில் மீத்தேன் 1.25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த இடத்தில் மின்சாரத்தையே நிறுத்திவிட வேண்டும் என்பது இந்திய விதி.

ராட்சத விசிறிகள் வைத்துக் காற்றைச் செலுத்தி வாயுவை நீர்க்கச் செய்து வெளியே தள்ளுவது பழைய வழி. அதிக வாயு உள்ள அடுக்கில் விசிறி மட்டும் போதாது. அதனால் வெட்டுவதற்கு முன்பே கரிக்குள் நீளமாகத் துளை போட்டு, குழாய் சொருகி, பம்பால் வாயுவை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறார்கள். இங்கே ஒரு வேடிக்கை: அந்தக் குழாய்க்குள் 60 சதவீதம் மீத்தேன் ஓடினால் பயம் குறைவு, 10 சதவீதம் ஓடினால்தான் வயிற்றில் புளி கரைக்கும். 15 சதவீதத்துக்கு மேல் போனால் எரியத் தேவையான காற்று போதாது, வெடிக்காது. எனவே குழாய்க்குள் காற்று புகாமல் காப்பதே பாதி வேலை.

மேலே வந்ததை என்ன செய்வது? இன்ஜினில் எரித்து மின்சாரம் எடுக்கலாம். ஆஸ்திரேலியாவில் ஆப்பின், டவர் சுரங்கங்களில் 1996இலிருந்து இதைச் செய்தார்கள். சீனாவின் ஷான்சி மாகாணத்தில் சிஹே சுரங்கத்து வாயுவில் 60 இன்ஜின்கள் ஓடி 120 மெகாவாட் தருகின்றன. நம் நாட்டின் ஜாரியா நிலக்கரி வயலிலும், மூனிடி சுரங்கத்தில், ஐ.நா. உதவியோடு முன்னோட்டமாக எடுத்துப் பார்த்தார்கள். எரித்தால் கார்பன் டை ஆக்சைடுதானே வரும் என்று கேட்கலாம். எரிக்காமல் விட்டால் அது இன்னும் மோசம்: நூறு வருடக் கணக்கில், ஒரு டன் மீத்தேன் பூமியைச் சூடாக்குவது சுமார் 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். எரித்தாலோ மூன்று டன்னுக்கும் குறைவாகவே கார்பன் டை ஆக்சைடு வரும்.

அப்படியானால் நம் காவிரி டெல்டாவில் மீத்தேன் எடுப்பதற்கு ஏன் அத்தனை எதிர்ப்பு? மன்னார்குடிப் பக்கம் பழுப்பு நிலக்கரி அடுக்குகளிலிருந்து மீத்தேன் எடுக்க 2010இல் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே சுரங்கம் கிடையாது. கோலியைத் தள்ள யாரும் கரி வெட்டவில்லை. அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் கரியடுக்கின் தண்ணீரை இறைத்தாக வேண்டும். நெல் வயலுக்குக் கீழே நீரை இறைப்பது என்றால் என்னவென்று விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. சுரங்கத்தில் தானாக வருகிற வாயுவைப் பிடிப்பதும், அசையாமல் கிடக்கிற வாயுவைக் கிளப்புவதும் பெயரளவில்தான் ஒன்று.

இவ்வளவும் புரிந்தால், பழைய இங்கிலாந்துச் சுரங்க வாசல்களில் காற்றழுத்தமானி ஒன்று மாட்டியிருந்ததன் காரணமும் புரியும். புயல் வரும் நாளில் வெளிக்காற்றின் அழுத்தம் இறங்கும். அப்போது வெட்டி முடித்துக் கைவிட்ட பகுதிகளில் தேங்கிய மீத்தேன் மெல்ல வெளியே வரும். மூடிப் பல வருடமான சுரங்கங்கள்கூட, பாதரசம் இறங்கும் நாட்களில் இன்னும் மூச்சு விடுகின்றன.