வாஷிங்டன் என்னும் பெயர்

வாஷிங்டன் என்றவுடன் நம் நினைவில் எழுவன இரண்டு. ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் ஜனாதிபதியான ஜோர்ஜ் வாஷிங்டன். மற்றொன்று, அந்நாட்டின் தலைநகர். மனிதரின் பெயரே நகருக்கு இடப்பட்டது என்பதை யாவரும் அறிவர். ஆனால் அம்மனிதருக்குப் பெயர் தந்ததும் ஓர் ஊரே என்பதை அறிந்தோர் சிலர். அவ்வூர் இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லாந்து நகருக்கு மேற்கே இருக்கின்றது.

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்கள் பல வழிகளில் தோன்றியவை. கொல்லனைக் குறிக்கும் ஸ்மித் என்பது தொழிலாற் பிறந்த பெயர். ஜோனின் மகன் எனப் பொருள்படும் ஜோன்சன் என்பது தந்தை பெயராற் பிறந்தது. ஊராற் பிறந்தனவும் மிகப் பல. நோர்மானியர் 1066 ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்ற பின்னர், நிலவுடைமையாளர் தம் நிலத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கலாயினர். எளிய மக்களிடையேயோ, வேற்றூரிற் குடியேறியவனையே அவன் விட்டு வந்த ஊரின் பெயரால் அழைத்தனர். சொந்த ஊரில் எல்லோரும் அவ்வூரவரே. அங்கே ஊர்ப்பெயரைக் கொண்டு ஒருவனைப் பிரித்தறிதல் எங்ஙனம்?

இனி, வாஷிங்டன் என்னும் சொல்லின் பொருளைக் காண்போம். பழைய ஆங்கிலத்தில் "டூன்" என்பது பண்ணையையும் குடியிருப்பையும் குறித்தது. அதுவே பிற்காலத்தில் "டன்" எனத் திரிந்தது. இடையிலுள்ள "இங்" என்பது இன்னாரைச் சார்ந்தது என்னும் பொருளது. எனவே வாஸா என்னும் ஒருவனைச் சார்ந்த குடியிருப்பு என்பதே இப்பெயரின் பொருள். வாஸா யார், எப்படி வாழ்ந்தான் என்பதற்கு வரலாறு இல்லை. அவன் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

டர்ஹாம் மேற்றிராணியாரின் நிலங்களையும் அவற்றுக்குரிய கடமைகளையும் 1183 ஆம் ஆண்டில் தொகுத்துரைத்த போல்டன் ஏட்டில், வில்லியம் என்பவரைப் பற்றிய குறிப்பு உண்டு. அவர் ஹார்ட்பர்ன் என்னும் தம் நிலத்தைக் கொடுத்து, அதற்கு மாற்றாக வாஷிங்டனைப் பெற்றார். ஆண்டுதோறும் நான்கு பவுண் இறுப்பதும், மேற்றிராணியாரின் பெருவேட்டைக்கு நான்கு வேட்டைநாய்களோடு செல்வதும் அவர் கடமை. நிலம் மாறியதும் பெயரும் மாறியது. ஹார்ட்பர்ன் வில்லியமாக இருந்தவரின் குடும்பம் வாஷிங்டன் குடும்பமாயிற்று.

அக்குடும்பத்தின் கிளைகள் தெற்கே பரவின. நிலத்தை விட்டு நீங்கியபோது முன்போற் பெயரை அவர்கள் மாற்றவில்லை. ஊர்ப்பெயர் குலப்பெயராக உறுதிபெற்றுவிட்டது. லோரன்ஸ் வாஷிங்டன் என்பவர் 1539 ஆம் ஆண்டில் நோர்தாம்ப்டன் பகுதியிலுள்ள சல்கிரேவ் என்னும் பண்ணைநிலத்தை வாங்கினார். அவர் வழியில் வந்த ஜோன் வாஷிங்டன், பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கடல் கடந்து வேர்ஜினியாவிற் குடியேறினார். அவருடைய கொள்ளுப்பேரரே 1732 இற் பிறந்த ஜோர்ஜ் வாஷிங்டன். 1791 இல் தலைநகருக்கும், பின்னர் 1889 இல் மாநிலமான மேற்குக் கரைப் பகுதி ஒன்றுக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. ஊர் மனிதருக்குத் தந்த பெயரை மனிதர் மீண்டும் ஊருக்குத் தந்தார்.

ஆயினும் கதை இவ்வளவில் முடியவில்லை. ஜோர்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. அவ்வாறிருக்க, அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டின் குடிமதிப்பில் ஏறக்குறைய 1,63,000 பேர் இக்குடும்பப் பெயரை உடையவராயிருந்தனர். அவர்களிற் பத்தில் ஒன்பது பேர் ஆபிரிக்க வழியினர். இவர்கள் எல்லோரும் அவர் வைத்திருந்த அடிமைகளின் வழிவந்தோர் எனக் கொள்ளுதல் பிழை. விடுதலை பெற்ற அடிமைகளுட் பலர், தமக்கென ஒரு குடும்பப் பெயரைத் தாமே தெரிந்துகொண்டனர்.

அவர்களுள் ஒருவரை உலகம் அறியும். 1856 இல் வேர்ஜினியாவில் அடிமையாகப் பிறந்த புக்கர் என்னும் சிறுவன், விடுதலைக்குப் பின் பள்ளி சென்றான். ஆசிரியர் பெயர்களைக் கூப்பிட்டபோது, ஏனைய பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதை அறிந்தான். தன் முறை வந்ததும், தன் பெயர் புக்கர் வாஷிங்டன் என அமைதியாகக் கூறினான். வாஷிங்டன் என்பது அவனுடைய மாற்றாந்தந்தையின் இயற்பெயர். அச்சிறுவனே பின்னர் 1881 இல் டஸ்கீகி கல்விநிலையத்தின் முதல் தலைவராகி, கறுப்பின மக்களின் கல்விக்கு உழைத்தார்.

வில்லியம் நிலத்தோடு பெற்ற பெயரை, நிலமே இல்லாத ஒரு சிறுவன் தன் உரிமையாகப் பெற்றான். ஆதலின் குடும்பப் பெயர் ஒன்றைக் கொண்டு ஒருவரின் குருதியை அளந்துவிட முடியாது. சிலருக்கு அது முன்னோர் வைத்துச் சென்ற சொத்து. வேறு சிலருக்கோ, தம் விடுதலையின் முதல் நாட்களில் தாமே எடுத்துக்கொண்ட பொருள்.