நோயாளர் வினாவும் வைத்தியர் விடையும்

வைத்தியசாலையின் வெளிநோயாளர் பகுதியிலே காலை வேளையிற் சிறிது நேரம் அமர்ந்திருப்பார்க்கு ஒரு காட்சி புலப்படும். நோயாளர் தம் முறை வந்ததும் உள்ளே செல்வர். வைத்தியர் சோதித்து, மருந்தெழுதி, அதனை உட்கொள்ளும் முறையையும் சொல்வர். நோயாளர் ‘ஓம் ஐயா, ஓம் ஐயா’ என்று தலையசைத்து வெளியே வருவர். வந்தவர் மருந்துக்கு வரிசையில் நிற்குங்கால் பக்கத்தில் நிற்பவரை நோக்கி, ‘இந்தக் குளிசையை எத்தனை நாளைக்குப் போடவேணும்? சுகம் வந்தால் விடலாமோ?’ என்று கேட்பர். வைத்தியரிடம் கேட்கப்படவேண்டிய வினா வைத்தியம் அறியாதவரிடம் கேட்கப்படுகின்றது. அவரும் தயங்காது ஒரு விடை கூறிவிடுகின்றார். அவ்விடையினால் விளையுங் கேடு சிறிதன்று. ஆதலின், நோயாளரின் வினாவுக்கு உரிய இடத்தில் உரிய விடை கிடைத்தல் வைத்தியத்தின் ஒரு கூறேயாம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்பன அவை. இந்நான்கனுள் நோயுற்றவனும் பேணுபவனும் வீட்டில் இருப்பவர். வைத்தியருடைய கண்ணுக்கு அப்பால் நாள்தோறும் வைத்தியத்தை நடத்துபவர் அவர்களே. செய்யவேண்டியதன் காரணத்தை அவர்கள் அறியாதவிடத்து, ஏனை இரண்டு கூறுகளும் எத்துணைச் சிறந்தனவாயினும் பயன்படா.

இவ்வுண்மையை யாழ்ப்பாணத்திலே நன்குணர்ந்து செயற்பட்டவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர். 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்த இவர், 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக இங்கு வந்தார்; அடுத்த ஆண்டு மானிப்பாயில் அமர்ந்து நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். அங்கு உள்ளூர் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியத்தை முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். பின்னர், ஊர் மக்களிடையே வாழப்போகும் வைத்தியர்க்கு ஊர் மொழியே கருவியாகவேண்டும் என்று துணிந்து தமிழிலே கற்பிக்கலானார். அதற்கு வேண்டிய நூல்களைத் தம் மாணாக்கரின் துணையோடு தமிழாக்கினார். 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’, 1883இல் ‘மனுஷ சுகரணம்’ என்பன வெளிவந்தன. அவர் 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும் வரையில் இப்பணியை விடவில்லை. அவரிடம் பயின்று வைத்தியராயினார் அறுபதின்மருக்கு மேற்பட்டவர்.

கிறீன் தம் சமயத்தைப் பரப்பும் நோக்கத்துடனே வந்தவர்; அதனை மறைத்தவருமல்லர். சைவப் பண்பாட்டில் நிற்கும் நமக்கு அந்நோக்கம் உடன்பாடன்று. எனினும் அவர் தமிழுக்கும் நோயாளர்க்கும் செய்த உதவியை மறத்தல் நன்றியாகாது. அவர் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிலேதான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். நாவலர், பொதுமக்கள் சமய உண்மைகளை ஐயந்திரிபற அறிதற்பொருட்டுச் சைவ வினாவிடை இயற்றினார். அறியவேண்டியதை வினாவாகவும் விடையாகவும் வைத்தல் நம்மவர்க்குப் பழகிய நெறி. அந்நெறியை உடல்நலத்துக்கும் கொள்ளுதல் தகும். இன்று வைத்தியர்களிடம் அடிக்கடி கேட்கப்படும், அல்லது கேட்கப்படாது விடப்படும், மூன்று வினாக்களை எடுத்துக்கொள்வாம்.

முதலாவது வினா: வயிற்றோட்டம் கண்டவர்க்கு நீர் கொடுத்தால் ஓட்டம் மிகாதோ?

கொடுத்த நீரெல்லாம் வெளியேறுவதாகக் காண்பார் நீரை நிறுத்த எண்ணுதல் இயல்பே. ஆயின் வயிற்றோட்டத்தில் உயிரைக் கொள்வது உடலிலுள்ள நீரும் உப்பும் குறைதலேயாம். சிறுகுடலினுள்ளே குளுக்கோசு உறிஞ்சப்படுங்கால் உப்பையும் உடன் ஈர்த்துச் செல்லும்; உப்பைத் தொடர்ந்து நீரும் செல்லும். கொள்ளை நோயாகிய வாந்திபேதியிலுங்கூட இவ்வழி அடைபடுவதில்லை. ‘ஜீவனி’ முதலிய உப்புக்கரைசல்கள் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டவை. உறையிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் அதனைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தல்வேண்டும். 1971இல், வங்காள எல்லையிலுள்ள பொங்காவுன் அகதி முகாமில் நாளத்தின் வழியே ஏற்றும் மருந்து நீர் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹாலானபிஸ் இக்கரைசலை நோயாளரின் உறவினர் கையிலே கொடுத்துப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நூற்றுக்கு நான்கிலுங் குறைந்தது. பேணுபவரும் வைத்தியத்தின் ஒரு கூறு என்பதற்கு இதனிலுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது வினா: காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லையே?

பிற காய்ச்சல்களிற் பெரும்பாலும் பயமில்லை. டெங்குக் காய்ச்சலில் அஃது அவ்வாறன்று. மாரி மழைக்குப் பின் யாழ்ப்பாணத்திற் பரவும் இந்நோயில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளை. அப்பொழுது குருதியின் நீர்ப்பகுதி நுண்ணிய நாளங்களினின்றும் கசிந்து வெளியேறும். ஓரிரு நாளில் இரத்த ஓட்டமே தளர்ந்துவிடலாம். கடும் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, பல்லீறு முதலியவற்றிலிருந்து இரத்தம் வருதல், தலைச்சுற்று, சிறுநீர் குறைதல் என்பவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல்வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோலை மாத்திரம் உரிய அளவிற் கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரோபன் போல்வன இரத்தக் கசிவை மிகுவிக்குமாதலின் விலக்கத்தக்கன.

மூன்றாவது வினா: இரத்த அழுத்தத்துக்குரிய குளிசையால் சுகமாயிருக்கின்றது, அதனை நிறுத்தலாமோ? நெடுநாட் போட்டால் சிறுநீரகம் பழுதாகாதோ?

இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித வருத்தமுங் காட்டாது இருப்பது. ஆதலின் சுகமாயிருத்தல் நோய் நீங்கியமைக்கு அடையாளமன்று. அளவு சீராயிருப்பது பெரும்பாலும் குளிசையின் பயனே. நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறும். சிறுநீரகத்தைப் பழுதாக்குவதும், பாரிசவாதத்தை விளைப்பதும், அடக்கப்படாத அழுத்தமும் சீனி வருத்தமுமேயாம். குளிசைக்குப் பயந்து அதனை விடுபவர், எதற்குப் பயந்தாரோ அதனையே வருவித்துக்கொள்கின்றார். குளிசை ஒவ்வாதாயின் அதனை வைத்தியரிடம் கூறி மாற்றிக்கொள்ளலாம், தாமே நிறுத்தலாகாது.

இம்மூன்று வினாக்களையும் ஒருங்கு வைத்து நோக்குங்கால் ஓருண்மை புலனாகும். மூன்றிலும் நோயாளர் அறிவின்மையாற் பிழைத்தாரல்லர். கண்ணாற் கண்டதைக் கொண்டு முறையாகவே கருதினர். நீர் வெளியேறக் கண்டார், காய்ச்சல் தணியக் கண்டார், உடல் நலமாயிருக்கக் கண்டார். நோயின் தோற்றமோ உண்மைக்கு மாறாக நின்றது. ஆகவே, ‘இதனைச் செய்க’ என்னுங் கட்டளை மாத்திரம் இங்குப் போதாது. காரணம் அறியாதவன் முதல் ஐயம் தோன்றிய அன்றே கட்டளையைக் கைவிடுவான். காரணம் அறிந்தவனோ ஐயம் வந்துழியும் அதனைப் பற்றி நிற்பான். அக்காரணம் அவனுக்கு விளங்குவது அவன் வீட்டிற் பேசும் மொழியிலேயாம்.

1978ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருத்துவ பீடம் இயங்கி வருகின்றது. அங்குக் கல்வி ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. உலக அறிவோடு தொடர்புகொள்ள அது வேண்டுவதே. ஆயினும், கற்றதை நோயாளர் முன்னிலையில் எளிய தமிழில் விளக்கும் ஆற்றலும் கல்வியின் பாற்படும். நம் கல்லூரியினின்றும் நாளை வைத்தியராகச் செல்லவிருக்கும் மாணவர் இதனை இன்றே பயிலத் தொடங்குவாராக. ஒரு நோயை ஆச்சிக்கு விளங்கச் சொல்ல வல்லவரே அதனைச் செவ்வனே கற்றவராவர்.

நோயாளர்க்கும் ஒரு கடமை உண்டு. வைத்தியருக்கு நேரமில்லை என்று கூசி, விளங்காதவிடத்தும் ‘ஓம்’ என்று தலையசைத்தல் மரியாதையாகாது. கேட்கவேண்டியவற்றை முன்னரே ஒரு துண்டில் எழுதிச் சென்று, ‘ஐயா, இதை ஏன் செய்யவேணும்?’ என்று பணிவோடு கேட்பதே முறை. அவ்வினாவுக்கு இரண்டு நிமிடம் செலவிடும் வைத்தியர், தாம் எழுதிய மருந்து வீட்டிலும் பயன்படுமாறு செய்தவராவர்.