பளு தூக்குவோரின் உணவும் இரத்தக் கொழுப்பும்

பளுதூக்கல், பவர்லிஃப்டிங், பாடிபில்டிங் ஆகிய துறைகளில் பயிற்சி பெறுவோர் மற்றவர்களைவிட மிகுதியாக உண்பதோடு, உண்பதை நிறுத்துக் கணக்கிட்டு, சில மாதங்களுக்கு ஒரு முறை அதன் கலவையையே தலைகீழாக மாற்றவும் செய்கின்றனர். உடல் எடையை ஏற்றும் பருவத்தில் சோறும் உருளைக்கிழங்கும் பாலும் தட்டில் குவிகின்றன. போட்டி நெருங்கி எடையை இறக்கும் பருவத்தில் மாவுச்சத்து ஏறத்தாழ நின்றுபோய், முட்டையும் இறைச்சியும் நெய்யும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இம்மாற்றங்கள் தசையில் என்ன விளைவிக்கின்றன என்பது ஜிம்களில் ஓயாத பேச்சு. இரத்தத்தில் என்ன விளைவிக்கின்றன என்பதோ, காப்பீட்டுக்காகவோ வேலைக்காகவோ பரிசோதனை செய்துகொள்ள நேரும்போது மட்டுமே பெரும்பாலோருக்குத் தெரியவருகிறது. கட்டுமஸ்தான உடலைப் பார்த்து, உள்ளேயும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவது எளிதாயிருப்பதே இதற்குக் காரணம்.

கொலஸ்ட்ரால் என்பது மெழுகுத் தன்மை கொண்ட ஒரு பொருள். செல்களின் சவ்வுக்கும், பித்தநீருக்கும், டெஸ்டோஸ்டீரோன் உள்ளிட்ட ஹார்மோன்களுக்கும் அது வேண்டும். உடலுக்குத் தேவையானதில் பெரும்பகுதியை உடலே உற்பத்தி செய்துகொள்கிறது. நீரில் கரையாத பொருளாதலால், புரத உறை போர்த்த நுண்ணிய உருண்டைகளுக்குள் அடைபட்டே அது இரத்தத்தில் பயணம் செய்கிறது. கல்லீரலிலிருந்து புறப்படும் உருண்டை வி.எல்.டி.எல். எனப்படும், அதில் நிறைந்திருப்பது டிரைகிளிசரைடு, அதாவது உடல் எரிபொருளாகப் பயன்படுத்தும் கொழுப்பு. தசையும் கொழுப்புத் திசுவும் அந்த டிரைகிளிசரைடை எடுத்துக்கொண்டபின், சுருங்கி, கொலஸ்ட்ரால் மிகுந்து எஞ்சும் உருண்டையே எல்.டி.எல். இது தமனிச் சுவருக்குள் புகுந்து தங்கிப் படிவை உண்டாக்குகிறது. எச்.டி.எல். என்பது திசுக்களிலிருந்து கொலஸ்ட்ராலைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டுசேர்க்கும் பணியில் பங்குகொள்வதால் ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்ற பெயரைப் பெற்றது. எனினும் மருந்து கொடுத்து அதை உயர்த்திப் பார்த்த பெரிய சோதனைகள் எதிர்பார்த்த அளவு மாரடைப்பைக் குறைக்கவில்லை என்பதால், இன்று அது காவலன் என்பதைவிட, உடலின் நிலையைக் காட்டும் அறிகுறி என்றே கருதப்படுகிறது.

வலிமைப் பயிற்சியாளர்களிடையே கொலஸ்ட்ரால் பற்றிய பேச்சு முட்டையில் தொடங்கி முட்டையிலேயே முடிந்துவிடுவது வழக்கம். அமெரிக்காவின் வடக்கு ஹாலிவுட்டில் ஜிம் நடத்திப் புகழ்பெற்ற வின்ஸ் ஜிரோண்டா, தசை வளர்ச்சிக்காகச் சில வாரங்களுக்கு ஒரு நாளைக்கு 36 முட்டை வரை உண்ணுமாறு சொன்னவர். இதற்கு நேர்மாறாக, மஞ்சள் கருவை எல்லாம் கொட்டிவிட்டு வெள்ளைக் கருவை மட்டுமே உண்போரும் அதே ஜிம்களில் உருவாயினர். உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. ஒரு பெரிய முட்டையில் ஏறத்தாழ 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு. ஆனால் உணவு வழியே கொலஸ்ட்ரால் கூடினால், பெரும்பாலோரின் உடல் தன் உற்பத்தியைக் குறைத்து ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. அவ்வாறு ஈடுகட்ட முடியாத சிலருக்கு மட்டும் இரத்த அளவு குறிப்பிடத்தக்க வகையில் ஏறுகிறது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்று நெடுங்காலம் இருந்த வரம்பை அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி 2015-20 பதிப்பில் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

முட்டையைவிட, முட்டை எதில் பொரிக்கப்படுகிறது என்பதே பெரிய கேள்வி. ஆறு முழு முட்டைகளில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 10 கிராம் மட்டுமே இருக்க, அவற்றைப் பொரிக்க ஊற்றும் இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் 16 முதல் 18 கிராம் வரை இருக்கிறது. மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு 3,000 கலோரி உண்ணும் வீரருக்கு அது ஏறத்தாழ 33 கிராம். ஆக, காலை உணவிலேயே அந்த வரம்பில் ஐந்தில் நான்கு பங்கு தீர்ந்துவிடுகிறது.

நிறைவுற்ற கொழுப்பு என்பது, கொழுப்பு அமிலச் சங்கிலியில் ஹைட்ரஜன் சேர இடமே இல்லாதபடி முழுமையாக நிரம்பிய வகை. நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் இது மிகுதி. இது எல்.டி.எல்.ஐ உயர்த்தும் வழியைப் புரிந்துகொள்ள, மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவரும் 1970களில் கண்டறிந்து 1985-இல் நோபல் பரிசு பெற்ற ஆராய்ச்சி உதவுகிறது. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பிகள் உள்ளன; இரத்தத்தில் செல்லும் எல்.டி.எல். உருண்டைகளை அவை பற்றி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது இந்த ஏற்பிகளின் செயல் தளர்கிறது. உருண்டைகள் இரத்தத்தில் கூடுதல் நேரம் சுற்றித் திரிகின்றன. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் நிறைந்துள்ள நிறைவுறாக் கொழுப்பு இதற்கு எதிராக ஏற்பிகளை ஊக்குவிக்கிறது. நல்லெண்ணெயில் நிறைவுற்ற பகுதி நூற்றுக்கு 15 அளவே இருக்க, தேங்காய் எண்ணெயில் அது 90-ஐ ஒட்டி இருக்கிறது. தேங்காய் எண்ணெயின் ஆதரவாளர்கள் அது எச்.டி.எல்.ஐயும் உயர்த்துகிறது என்று வாதிடுவர். அதில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தால் அது உண்மையே என்றாலும், எல்.டி.எல். ஏறுவதை அந்த உண்மை இல்லாமல் ஆக்கிவிடுவதில்லை.

ஓர் உணவைக் குறைக்கும்போது அதன் இடத்தில் எது வருகிறது என்பதைச் சொல்லாமல், அந்த உணவின் விளைவைச் சொல்லவே இயலாது. ரொனால்ட் மென்சிங்க், மார்ட்டின் கட்டான் உள்ளிட்ட நெதர்லாந்து ஆய்வாளர்கள் 60 ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாகக் காட்டின. நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு நிறைவுறாக் கொழுப்பை வைத்தால், எல்.டி.எல். இறங்குவதோடு மொத்தக் கொலஸ்ட்ராலுக்கும் எச்.டி.எல்.லுக்கும் உள்ள விகிதமும் மேம்படுகிறது. அதே இடத்தில் மாவுச்சத்தை வைத்தால், எல்.டி.எல். இறங்கினாலும் எச்.டி.எல்.லும் கூடவே இறங்கி, டிரைகிளிசரைடு ஏறி, விகிதம் பெரிதாக மாறாமலே இருந்துவிடுகிறது. நெய்யை நிறுத்திய கையோடு வெள்ளை ரொட்டியையும் இனிப்புப் பானத்தையும் கூட்டிக்கொண்ட பலரின் ‘கொழுப்பில்லாத’ உணவு ஏமாற்றம் தந்ததன் பின்னணி இதுதான்.

மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸாகி இரத்தத்தில் சேரும்போது, தசையும் கல்லீரலும் அதைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கின்றன. தசைகளில் மொத்தம் 400 முதல் 500 கிராம் வரை இவ்வாறு தங்க இடமுண்டு. அந்த இடம் நிரம்பியபின்னும் மாவுச்சத்து வந்துகொண்டே இருந்தால், கல்லீரல் அதில் ஒரு பகுதியைக் கொழுப்பாக மாற்றி, டிரைகிளிசரைடு மிகுந்த வி.எல்.டி.எல்.லாக வெளியேற்றுகிறது. இரத்தத்தில் டிரைகிளிசரைடு மிகுந்தால், உருண்டைகளுக்கிடையே கொழுப்புப் பரிமாற்றம் நிகழ்ந்து, எச்.டி.எல். விரைவில் சிதைந்து குறைகிறது, எல்.டி.எல். உருண்டைகளோ சிறுத்து அடர்கின்றன. பளு தூக்குவோருக்கு இங்கே ஒரு சலுகை உண்டு: கடுமையான ஒரு பயிற்சி, வேலை செய்த தசைகளின் கிளைக்கோஜனில் நான்கில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரு பங்கு வரை கரைத்துவிடுவதால், அதன்பின் உண்ணும் சோறு முதலில் தசையை நிரப்பவே செல்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 4 முதல் 7 கிராம் மாவுச்சத்து என்று வலிமை விளையாட்டுகளுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு, அலுவலக நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்குப் பொருந்தாததற்கும் இதுவே காரணம். பயிற்சியை நிறுத்திய பின்னும் அதே தட்டைத் தொடர்வோரிடமும், எடை ஏற்றும் பருவத்தில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர விட்டவரிடமும் இந்தச் சலுகை தேய்ந்துவிடுகிறது.

இரண்டு கற்பனை அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இவ்விளைவுகள் துலங்கும். பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.ஐ நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து, 1972-இல் ஃப்ரீட்வால்ட் வகுத்த சூத்திரப்படி கணக்கிடுகின்றன. மாவுச்சத்தும் எடையும் மிகுந்த ஒரு வீரரின் அறிக்கையில் (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) மொத்தம் 190, எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 240 என்று இருப்பதாகக் கொண்டால், எல்.டி.எல். 110 என்று வரும். பார்த்தவுடன் பயப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றும். மாவுச்சத்தை அறவே விட்ட மெலிந்த வீரரின் அறிக்கையில் மொத்தம் 290, எச்.டி.எல். 75, டிரைகிளிசரைடு 60 என்றால், எல்.டி.எல். 203. முதலாமவர் மொத்த அளவு 200-க்குள் இருப்பதால் தப்பித்துவிட்டதாக எண்ணுவார். இரண்டாமவர் டிரைகிளிசரைடு குறைவு, எச்.டி.எல். அதிகம் என்று காட்டி வாதாடுவார். இருவருமே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்.

இரண்டாமவரின் நிலை அண்மைக் காலத்தில் பெரும் விவாதப் பொருளாகியிருக்கிறது. மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவை கிராஸ்ஃபிட் பயிற்சியாளர்கள் சிலர் 12 வாரங்கள் பின்பற்றிய, 2018-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அவர்களின் உடற்கொழுப்பு குறைந்தபோதும் எல்.டி.எல். 35 சதவீத அளவுக்கு உயர்ந்தது. உடல் பருத்தவர்களிடம் இதே உணவு எல்.டி.எல்.ஐப் பெரிதாக ஏற்றாமலிருக்க, மெலிந்தவர்களிடமும் கட்டான உடலினரிடமும்தான் அது வேகமாக ஏறுகிறது. எல்.டி.எல். 200-க்கு மேல், எச்.டி.எல். 80-க்கு மேல், டிரைகிளிசரைடு 70-க்குக் கீழ் என்ற மூன்றும் சேர்ந்து வருவோரைத் தனி வகையாகவே சில ஆய்வாளர்கள் வகைப்படுத்தியுள்ளனர். கிளைக்கோஜன் வற்றிய உடல் கொழுப்பையே எரிபொருளாக ஓயாமல் அனுப்பிக்கொண்டிருப்பதால், வி.எல்.டி.எல். மிகுதியாகப் புறப்பட்டு, விரைவாகக் கரைந்து, எல்.டி.எல்.லாக மிஞ்சுகிறது என்பது அவர்கள் முன்வைக்கும் விளக்கம். இவர்களுள் ஒருவரான நிக் நார்விட்ஸ், தம்மீதே நடத்திய சோதனையை 2024-இல் வெளியிட்டார்: தம் கீட்டோ உணவோடு நாளொன்றுக்கு 12 ஓரியோ பிஸ்கட்டுகளைச் சேர்த்து 16 நாள் உண்டபோது, 384 ஆக இருந்த எல்.டி.எல். 111-க்கு இறங்கியது. பிஸ்கட் மருந்தாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஒரே மனிதரின் அனுபவம் எவருக்கும் பரிந்துரையாகவும் ஆகாது. ஆயினும் கட்டான உடலில் மாவுச்சத்து முற்றாக இல்லாமற்போவதே எல்.டி.எல்.ஐ ஏற்றக்கூடும் என்பதை அது உணர்த்துகிறது. மற்ற அளவுகள் அழகாக இருப்பதால் இந்த எல்.டி.எல். தீங்கு செய்யாது என்ற வாதத்திற்கு மட்டும் இதுவரை போதிய சான்று கிடையாது.

உணவைப் பற்றிய இத்தனை கணக்கையும் ஒரே வீச்சில் ஒன்றுமில்லாமல் செய்துவிடக்கூடியது ஸ்டீராய்டு. பளுதூக்கும் ஆண்கள் 11 பேரைக் கொண்டு நடத்தி 1989-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஸ்டானோசொலோல் என்ற மாத்திரை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் என்ற சிறிய அளவிலேயே, ஆறு வாரங்களில் எச்.டி.எல்.ஐ 33 சதவீதம் குறைத்து எல்.டி.எல்.ஐ 29 சதவீதம் உயர்த்தியது. ஊசி வழியே செலுத்திய டெஸ்டோஸ்டீரோன் எச்.டி.எல்.ஐ 9 சதவீதம் மட்டுமே குறைத்தது. வாய்வழி மாத்திரை நேரே கல்லீரலைச் சென்றடைந்து, எச்.டி.எல்.ஐச் சிதைக்கும் ஒரு நொதியைப் பெருமளவு தூண்டிவிடுவதே இந்த வேறுபாட்டின் காரணம். எச்.டி.எல். இருபதுக்கும் கீழே கிடக்கும் இளம் வீரரிடம் எத்தனை முட்டை உண்கிறாய் என்று கேட்பதில் பயனில்லை. என்ன மாத்திரை எடுக்கிறாய் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

தமிழகத்தில் பயிற்சி செய்வோருக்கு இவற்றில் கூடுதலாகப் பொருந்துவது மாவுச்சத்துப் பகுதியே. சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனின் பொறுப்பில், தமிழகம் உட்பட நான்கு பகுதிகளில் நடத்தி 2014-இல் வெளியிடப்பட்ட ஐ.சி.எம்.ஆர். – இந்தியாப் (INDIAB) ஆய்வில், எல்.டி.எல். மிகுந்தவர்கள் 11.8 சதவீதமாகவே இருக்க, எச்.டி.எல். குறைந்தவர்கள் 72.3 சதவீதமாகவும் டிரைகிளிசரைடு மிகுந்தவர்கள் 29.5 சதவீதமாகவும் இருந்தனர். இத்தகைய உடல்வாகுடன், மாதக்கணக்கில் சோற்றையும் வாழைப்பழத்தையும் இனிப்பூட்டிய மாஸ் கெயினர் பொடியையும் ஏற்றிக்கொள்பவர், அமெரிக்க வீரரின் உணவுப் பட்டியலை அப்படியே பின்பற்றுவது பொருத்தமாகாது. பயிற்சி நாளில் கூட்டி ஓய்வு நாளில் குறைத்து, கொண்டைக்கடலை, பயறு, ஓட்ஸ், பார்லி போன்ற கரையும் நார்ச்சத்து உள்ளவற்றுக்கு அந்த மாவுச்சத்தில் பெரும்பங்கு அளித்தால், பித்தநீரோடு கொலஸ்ட்ராலும் வெளியேற வழி கிடைக்கிறது. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் சேர்ந்தாலே எல்.டி.எல். நூற்றுக்கு 5 அளவில் இறங்குகிறது.

பரிசோதனை செய்யும் காலமும் முக்கியம். வேகமாக எடை இறங்கும் வாரங்களில் எடுத்த அளவு உண்மை நிலையைக் காட்டாது. எடை நிலையாகிச் சில வாரங்கள் கழித்து எடுப்பதே பொருத்தம். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் ஃப்ரீட்வால்ட் கணக்கு பிழைபடுமாதலால் எல்.டி.எல்.ஐ நேரடியாக அளக்க வேண்டும். தமனிக்குத் தீங்கு செய்யும் உருண்டை ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்றாக அமைந்த அபோ-பி என்ற புரதத்தை அளந்தால், உருண்டைகளின் எண்ணிக்கையே தெரிந்துவிடுகிறது. மாவுச்சத்தும் கொழுப்பும் அளவாக உள்ள சாதாரண உணவிலும் எல்.டி.எல். 190-க்கு மேலேயே நின்றால், அதன் காரணம் தட்டில் இல்லாமல் மரபணுவில் இருக்கக்கூடும்; அப்போது அந்த வீரரோடு, அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.