பஞ்சமும் குற்றமும்

திருடனைத் தண்டிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அவன் திருடனானது எதனால் என்பதையும் விசாரிக்க வேண்டுமென்கிறோம். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைக் கவனியுங்கள். மழை பொய்த்தது, தானிய விலை ஏறிற்று, கூலிக்காரருக்கு வேலையில்லை. 1877-ல் வைஸ்ராய் லிட்டன் பிரபு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்பவனுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமே போதுமென்றார். அக்காலத்திலேயே தானியத் திருட்டும் கொள்ளையும் பெருகின, சிறைச்சாலைகள் நிரம்பின. பஞ்சம் நீங்கவே அவை தணிந்தன. ஜனங்களின் சுபாவம் ஒரு வருஷத்தில் கெட்டு, மறு வருஷத்தில் திருந்திற்றென்று யாரே நம்புவர்? பட்டினியே அவர்களைப் பூட்டிய களஞ்சியத்தின் வாசலுக்குத் துரத்திற்று. ஆதலால், குற்றத்தைக் குறைக்க விரும்பும் எந்தச் சர்க்காரும் முதலில் ஏழையின் அடுப்பைப் பார்க்கட்டும். பிறகு சிறைச்சாலையை விஸ்தரிக்கட்டும்.