டோக்கியோவுக்கு மாற்றல்!
ஜப்பானியச் சம்பளக்காரரின் இரண்டு குடித்தனம்

வெள்ளிக்கிழமை மாலை டோக்கியோ ரயில் நிலையத்தில் போய் நின்று பாருங்கள். ஒஸாகா பக்கம் போகும் ஷின்கான்ஸென் வண்டிகள் சில நிமிஷங்களுக்கு ஒன்றாகப் புறப்பட்டுக்கொண்டிருக்கும். ஏறுகிறவர்களில் ஒரு ரகத்தாரைக் கண்டுபிடிப்பது சிரமமல்ல. கறுப்புக் கோட்டு, ஐம்பதை நெருங்கும் வயது, ஒரு கையில் ஆபீஸ் பை, மறு கையில் குழந்தைகளுக்கு வாங்கிய தின்பண்டப் பெட்டி. வண்டி நகர்ந்ததும் சோற்றுப் பெட்டியைப் பிரிப்பார். டப்பா பீர் ஒன்றும் உடன் இருக்கும். இரண்டரை மணி நேரத்தில் ஒஸாகா. அங்கேதான் மனைவி, மக்கள், வயதான தாயார், பாதிக் கடன் அடைந்த வீடு எல்லாம் இருக்கின்றன. டோக்கியோவில் அவருக்கு இருப்பது ஓர் ஒற்றை அறை.

இவர் மனைவியோடு மனஸ்தாபம் கொண்டு பிரிந்தவரல்ல. பிரமோஷன் கிடைத்தவர்! கம்பெனியின் தலைமைக் காரியாலயம் அழைத்தது; போனார். குடும்பம் வரவில்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஜப்பானிய பாஷையில் ஒரு பெயரே உண்டு: ‘தன்ஷின் ஃபுனின்’. தனியாளாகப் போய் வேலை ஏற்பது என்று பொருள். அடிக்கடி நடக்கிற காரியத்துக்குத்தானே தனிப் பெயர் வைப்பார்கள்!

மேலே போகும் வண்டி

ஜப்பானில் டோக்கியோவை நோக்கி ஓடும் ரயிலுக்கு ‘நொபொரி’, அதாவது ஏறும் வண்டி என்று பெயர். டோக்கியோவை விட்டுப் போவது ‘குதாரி’, இறங்கும் வண்டி. நம் ரயில்வேயில் அப், டவுன் என்பதைப்போலத்தான். ஆனால் அங்கே கம்பெனி உத்தியோகஸ்தர் மனத்திலும் இந்த ஏற்றமும் இறக்கமும் பதிந்து கிடக்கின்றன. மாற்றல் என்றால் இரண்டே வகை. ஒன்று ‘எய்தென்’, கௌரவமான மாற்றல். மற்றது ‘ஸாஸென்’. இடப்பக்கம் தள்ளுவது என்பது அதன் நேர் அர்த்தம். பழைய சீனத்தில் வலம் உயர்வு, இடம் தாழ்வு என்று கருதிய காலத்திலிருந்து வந்த சொல். எந்த மாற்றலானாலும் அண்டை அயலார் ‘எய்தென்’ என்று சொல்லித்தான் வாழ்த்தவேண்டும். அது மரியாதை. வாழ்த்துகிறவருக்கும் உண்மை தெரியும், வாங்கிக்கொள்கிறவருக்கும் தெரியும்.

பெரிய கம்பெனிகளில் ஏணி எப்படி அமைந்திருக்கிறது? கல்லூரியை முடித்த பையன்கள் கூட்டமாக ஏப்ரல் முதல் தேதி சேருகிறார்கள். இன்ன வேலைக்கு என்று சேருவதில்லை; கம்பெனிக்குச் சேருகிறார்கள். சில வருஷம் ஒரு கிளையில் விற்பனை, பிறகு இன்னோர் ஊரில் கணக்கு, பிறகு தலைமைக் காரியாலயத்தில் கொஞ்ச காலம், மறுபடியும் வெளியூரில் ஒரு பிரிவுக்குத் தலைவர் என்று ஆளை உருட்டி உருட்டி வளர்ப்பார்கள். யார் எங்கே போகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தலைமைக் காரியாலயத்தின் சிப்பந்தி இலாகா. மேல் நாற்காலிகள் இருப்பதும் தலைமைக் காரியாலயத்திலேதான். அங்கே உட்கார்ந்து நாலு பேருக்குத் தெரிந்தவராகாமல் மேலே போவது கடினம்.

உத்தரவு ‘ஜிரேய்’ என்ற ஒரே ஒரு காகிதத்தில் வரும். ஏப்ரல் மாற்றலுக்கு மார்ச்சு மாதத்தில் காதோடு காதாகத் தகவல் சொல்வார்கள். ஓரிரண்டு வாரத்துக்குள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

குடும்பத்தையும் அழைத்துப் போனால் என்ன என்று கேட்கலாம். பிள்ளை உயர்தரப் பள்ளி நுழைவுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பான். நடுவில் ஊர் மாற்றினால் அவன் பாடு திண்டாட்டம். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும். தாயார் தள்ளாதவராக இருப்பார். மனைவிக்கும் ஒரு வேலை இருக்கும். ஆகவே வீட்டுக்காரர் மட்டும் போகிறார். கம்பெனியும் தனிவாசப் படி என்று ஒரு தொகை கொடுக்கிறது. பல இடங்களில் ஊர் போய்வர ரயில் செலவும் உண்டு. அந்தப் படி இருப்பதே இந்தப் பிரிவைச் சகஜமாக்கிவிட்டது என்று சொன்னால் தவறாகாது.

பிரபுக்கள் பட்ட பாடு

இது ஒன்றும் ஜப்பானுக்குப் புதிதல்ல. 1635-ஆம் வருஷம் தொக்குகாவா ஷோகன் இயெமித்ஸு ஒரு சட்டம் போட்டார். நாட்டிலுள்ள சிற்றரசர்கள் ஒரு வருஷம் தம் ஊரிலும் மறு வருஷம் எதோ நகரிலும் மாறி மாறி வசிக்கவேண்டும். எதோ என்பது இன்றைய டோக்கியோ. சிற்றரசர் ஊருக்குப் போனாலும் அவர் மனைவியும் பட்டத்துப் பிள்ளையும் எதோவிலேயே இருக்கவேண்டும். பெயர் எதுவானாலும் அது பிணைதான். மார்க்கங்களிலிருந்த சாவடிகளில் காவலர்கள் இரண்டு விஷயங்களைத் துருவிப் பார்ப்பார்களாம்: எதோவுக்குள் வரும் துப்பாக்கி, எதோவிலிருந்து வெளியேறும் பெண்கள். 1862-இல்தான் இந்தக் கட்டு தளர்ந்தது.

அதே தோக்கைதோ மார்க்கத்தை ஒட்டித்தான் 1964 அக்டோபர் முதல் தேதி ஷின்கான்ஸென் ஓடத் தொடங்கியது. பழைய ஏற்பாட்டில் குடும்பம் தலைநகரில், தலைவர் ஊரில். புதிய ஏற்பாட்டில் தலைவர் தலைநகரில், குடும்பம் ஊரில்!

ஒருவர் ‘மாட்டேன்’ என்றார்

உத்தரவை மறுத்தால் என்ன ஆகும்? இதற்கு விடை சொன்ன வழக்கு ஒன்று ஜப்பானியத் தொழில் சட்டப் புத்தகங்களிலெல்லாம் இடம் பெற்றிருக்கிறது.

ஒஸாகாவில் தலைமைக் காரியாலயம் கொண்ட ஒரு பெயிண்டுக் கம்பெனி. அதன் கோபே கிளையில் விற்பனை பார்த்தவர் ஒருவர். 1973-இல் அவரை ஹிரோஷிமாவுக்குப் போகச் சொன்னார்கள். முடியாது என்றார். சரி, நகோயாவுக்குப் போ என்றார்கள். அதுவும் முடியாது என்றார். வீட்டில் 71 வயதுத் தாயார். மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவர். பெண் குழந்தைக்கு வயது இரண்டு. சோம்பலாலோ முரட்டுத்தனத்தாலோ மறுத்தவரல்ல என்பது இதிலிருந்தே தெரியும். 1974 ஜனவரியில் கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கியது.

கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லின. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1986 ஜூலை 14-இல் தீர்ப்பு வந்தது. சேரும்போதே மாற்றலுக்கு உட்பட்டுச் சேர்ந்தவரை, வியாபாரத்துக்கு அவசியமிருந்தால் அவர் சம்மதமில்லாமலே மாற்றலாம்; அந்த ஆள் போனால்தான் காரியம் நடக்கும் என்னுமளவுக்கு அவசியம் இருக்கத் தேவையில்லை; கெட்ட எண்ணத்தோடு மாற்றினாலோ, தாங்க முடியாத கஷ்டம் விளைந்தாலோதான் உத்தரவு செல்லாது. தாயாரையும் மனைவியையும் குழந்தையையும் பிரிவது? சாதாரணமாகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கஷ்டம்தான் என்றது கோர்ட்! கீழ்த் தீர்ப்பை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது.

நம் செவிக்கு இது கொடுமையாகவே படுகிறது. ஆனால் நீதிபதிகளின் கணக்கு வேறு. தக்க காரணமில்லாமல் ஆளை நீக்கினால் செல்லாது என்று அதே சுப்ரீம் கோர்ட் 1975-இல் கம்பெனிகளின் கையைக் கட்டியிருந்தது. வியாபாரம் மந்தமானாலும் ஆளை எளிதில் அனுப்ப முடியாது. அப்படியானால் இடம் மாற்றவாவது விடவேண்டாமா? ஆயுள் முழுவதும் சோறு உத்தரவாதம். அதற்கு விலையாக, எங்கே போ என்றாலும் போவது. விசுவாசம் என்று மேடையில் பேசுவதெல்லாம் அடியில் இந்த வியாபாரம்தான்.

1990-களில் பொருளாதாரம் சரிந்தபோது உத்தரவாதம் ஆட்டங்கண்டது. நடுவயதுக்காரர்களைத் தாமாகவே விலகச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள். மாற்றல் உத்தரவு மட்டும் கொஞ்சமும் ஆட்டங்காணவில்லை. இதை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

பெண்களுக்கு இரண்டு வாசல்

1986-இல் சம வாய்ப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. ஆண், பெண் என்று பிரிக்காமல் வேலைக்கு எடுக்கக் கம்பெனிகள் முயலவேண்டும் என்றது அது. கம்பெனிகள் உடனே இரண்டு வாசல் வைத்தன. எந்த ஊருக்கும் போகச் சம்மதிப்பவர்களுக்கு ஒரு வாசல். பிரமோஷன் அதன் வழி. மாற்றல் வேண்டாம் என்பவர்களுக்கு மற்றது. குமாஸ்தா வேலையும் குறைந்த சம்பளமும் அதன் வழி. யார் எந்த வாசலில் நுழைந்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? 2007-இல்தான் தக்க காரணமின்றி மாற்றலை நிபந்தனையாக்குவதும் மறைமுகப் பாரபட்சமே என்று சட்டம் வந்தது.

அதற்குமுன் 2000-இல் ஒரு வழக்கு. மூன்று வயதுக் குழந்தையின் தாய். கணவரும் வேலைக்குப் போகிறவர். டோக்கியோவின் உட்பகுதியிலிருந்து மேற்கே ஹச்சியோஜிக்கு மாற்றினார்கள். போய்ச் சேரவே கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி. குழந்தையைக் காப்பகத்திலிருந்து யார் அழைத்து வருவது? போக மறுத்தார், வேலை போயிற்று. சுப்ரீம் கோர்ட்டிலும் கம்பெனிக்கே ஜயம்.

கட்டு இப்போது மெள்ளத் தளர்கிறது. குழந்தை வளர்ப்பையும் முதியோர் பராமரிப்பையும் பார்த்தே மாற்றவேண்டும் என்று 2001-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மனநோயுற்ற மனைவியையும், பராமரிப்பு வேண்டிய தாயையும் விட்டுப் போகமுடியாமல் இருந்த இரண்டு தொழிலாளர்களை ஹிமேஜியிலிருந்து வெகுதூரம் மாற்றியது செல்லாது என்று 2006-இல் ஒஸாகா ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. 2022-இல் டெலிபோன் கம்பெனியான என்.டி.டி., சுமார் 30,000 சிப்பந்திகளுக்கு வீடே ஆபீஸ், எந்த ஊரிலும் இருக்கலாம் என்றது. 2024 ஏப்ரலிலிருந்து, எந்தெந்த இடத்துக்கு மாற்றக்கூடும் என்பதை வேலையில் சேரும்போதே எழுத்தில் காட்டவேண்டும்.

ஒரு வேடிக்கையும் நடந்தது. பஸோனா என்ற கம்பெனி, தலைமைக் காரியாலய வேலைகளையே டோக்கியோவிலிருந்து அவாஜித் தீவுக்குக் கொண்டு போவதாக 2020-இல் அறிவித்தது. கிளை ஆசாமிகள் தலைமைக் காரியாலயத்துக்குப் போவது போய், தலைமைக் காரியாலயமே கிராமத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டது!

ஆனாலும் வெள்ளிக்கிழமை வண்டியில் கூட்டம் அற்றுப்போகவில்லை. ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்பது நம் ஊரில் மட்டும் உள்ள எண்ணமல்லவே. ஷின்கான்ஸென் நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரை ஓடுவதில்லை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிடும். துவைத்து மடித்த ஐந்து சட்டைகளை மனைவி பையில் வைப்பார். பிள்ளை பாடப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, ‘போய் வாருங்கள்’ என்பான். ஏறும் வண்டிக்கு நேரமாகிவிட்டது.