கரும்பு டிராக்டருக்கும் தென்துருவத்துக்கும் என்ன உறவு தெரியுமா?

அரவைக் காலத்தில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிறவர்கள் விக்கிரவாண்டி தாண்டியதும் பார்த்திருப்பீர்கள். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் அசைந்து அசைந்து போகும். பின்னால் ஒரு ராயல் என்ஃபீல்டு 650 வழி கேட்டு ஹாரன் அடிக்கும். இரண்டில் எதற்கு எச்.பி. அதிகம் தெரியுமா? ஏறக்குறைய இரண்டும் ஒன்று! அந்த பைக்குக்கு 47. நம் பக்கத்து வயல்களில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவை 40 முதல் 50-க்குள்.

அப்படியானால் பைக்கில் கரும்பு டிரெய்லரைக் கட்டி இழுக்கலாமா? அசையக்கூட அசையாது. எச்.பி. என்பது முறுக்குவிசையும் சுழலும் வேகமும் சேர்ந்த கணக்கு. பைக் என்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்றைத் தாண்டித்தான் அந்த 47-ஐ எட்டும். அதன் அதிகபட்ச முறுக்குவிசை 52 நியூட்டன் மீட்டர். டிராக்டரோ 2,000 சுற்றுக்குள்ளேயே 45-ஐத் தந்துவிடும். கணக்குப் போட்டால் 150 நியூட்டன் மீட்டருக்கு மேல் வருகிறது! அதையும் கியர்பெட்டி பல மடங்காகப் பெருக்கி அந்தப் பெரிய பின்சக்கரத்துக்கு அனுப்புகிறது. பைக் மணிக்கு 160 கி.மீ. பறக்கும். டிராக்டர் 30-ஐத் தொட்டாலே பெரிது, ஆனால் டன் கணக்கில் இழுக்கும்.

சரி, எச்.பி. என்ற அளவே எப்படி வந்தது? நீராவி என்ஜின் விற்ற ஜேம்ஸ் வாட், வாங்க வருகிறவருக்கு அது எத்தனை குதிரைக்கு ஈடு என்று சொல்வதற்காக வகுத்தது. சுமார் 76 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் 1 எச்.பி. நிஜக் குதிரை சில நொடிகளுக்கு 15 எச்.பி. வரை காட்டிவிடும் என்றால் நம்புவீர்களா? கிணற்றில் கவலை கட்டி நீர் இறைத்த ஒரு ஜோடி மாடு, நாள் முழுக்க வேலை செய்தால் ஏறக்குறைய 1. கிணற்றடியில் இன்று ஓடும் 5 எச்.பி. மோட்டார், ஐந்து ஜோடி மாட்டுக்குச் சமம்!

இப்போது பனிநாட்டுக்குப் போவோம். அங்கே ஸ்னோமொபைல் என்று ஒரு வண்டி. முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சக்கரத்துக்குப் பதில் சுழலும் ரப்பர் பட்டை. கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே, 1934-ன் குளிர்காலத்தில் பாதையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் நோயுற்ற தன் சின்ன மகனை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் பறிகொடுத்தவர். பனியில் ஓடும் வண்டிகளுக்கே வாழ்க்கையைக் கொடுத்தார். 1959-ல் அவர் கொண்டுவந்த முதல் ஸ்கி-டூவுக்குப் பத்து எச்.பி.கூட இல்லை. இன்று 850 சிசி வண்டிக்கு 165, டர்போ என்றால் 180! அங்கேயும் விவரமானவர்கள் எச்.பி.யை மட்டும் பார்ப்பதில்லை. மலையில் இடுப்பளவு புதுப் பனி என்றால் நீளப் பட்டை. இறுகிய பாதையில் வளைந்து ஓட்ட வேண்டுமானால் குட்டைப் பட்டை.

எனக்கு இதில் மிகப் பிடித்தது அடுத்த சேதிதான். தென்துருவத்துக்குத் தரைவழியாகப் போய்ச் சேர்ந்த முதல் மோட்டார் வண்டி எது தெரியுமா? உழவு டிராக்டர்! எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, 1958 ஜனவரி 4-ம் தேதி ஃபெர்குசன் டிராக்டர்களில் அங்கே போய் நின்றார். அவற்றின் சக்தி 30 எச்.பி.கூட இல்லை. சக்கரங்களைச் சுற்றிப் பட்டை மாட்டி, பனிப்பிளவில் ஒன்று விழுந்தாலும் மற்றது இழுத்துப் பிடிக்கட்டும் என்று ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து ஓட்டினார்கள். அந்த ஃபெர்குசன் வழி வந்ததுதான் மாஸி ஃபெர்குசன். சென்னையின் டாஃபே நிறுவனம் 1960-ல் தொடங்கி, தமிழ்நாட்டு வயல்களுக்குக் கொண்டுவந்த அதே மாஸி!

இன்னொன்று கேளுங்கள். 2021 டிசம்பர் 16-ல் தென்துருவம் போய்ச் சேர்ந்தவை சென்னை நிறுவனமான ராயல் என்ஃபீல்டின் இரண்டு ஹிமாலயன் பைக்குகள். எச்.பி. 24 சொச்சம். என்ஜின் சக்தியை ஏற்றினார்களா? இல்லை. முன் ஸ்பிராக்கெட்டில் 15 பல்லை 13 ஆக்கி, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டினார்கள். டயரில் ஆணி பதித்தார்கள்.

அந்த ஃபெர்குசன் டிராக்டரை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசனின் பெரிய சாதனையும் பிடிமானம்தான். கலப்பை மண்ணில் இழுபடும் விசையையே பின்சக்கரத்தை அழுத்தும் பாரமாக மாற்றும்படி மூன்று புள்ளி இணைப்பை அமைத்தார். அதனால்தான் சிறிய டிராக்டரும் வழுக்காமல் உழுதது. இன்று திண்டிவனத்தில் எந்த ஷோரூமில் நுழைந்தாலும், எந்தக் கம்பெனி வண்டியின் பின்னாலும் அந்த இணைப்பு இருக்கிறது.

எந்த வயலுக்கு எந்த வண்டி என்பதும் எச்.பி.யை மட்டும் வைத்து முடிவாவதில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. நிலக்கடலை ரகங்கள் பெயர்பெற்றவை. நிலக்கடலையின் பூ செடியில் பூக்கிறது. அதன் விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கும். மண் இறுகினால் விழுது இறங்காது. கடலைக் கொல்லையில் தேவைக்கு மேல் கனமான வண்டியை ஈரத்தில் ஓட்டுவது விளைச்சலை மிதிப்பதுதான். விழுப்புரம் பக்கம் ஏரிப்பாசன வயலில் சேறு அடிக்கும்போதும் பாரம் அதிகமானால் வண்டி புதையும். கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய இலகுவான வண்டி மிதந்து வேலை செய்யும். கரும்பு வரிசைக்குள் களை எடுக்க 20, 25 எச்.பி. குட்டி டிராக்டர் போதும். ஆலைக்கு இழுக்கத்தான் பெரியது வேண்டும், அதற்கேற்ற பிரேக்கோடு.

வாங்கப் போகிறவர்கள் பானெட்டில் எழுதியிருக்கும் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு என்று கேளுங்கள். ரொட்டவேட்டரைச் சுழற்றுவது அதுதான், என்ஜின் எச்.பி.யைவிட எப்போதும் சற்றுக் குறைவாக இருக்கும். 5 அடி ரொட்டவேட்டரா, 6 அடியா என்பதை அந்த எண்ணையும் உங்கள் மண்ணையும் வைத்து முடிவு செய்யுங்கள்.