மனநோய் இருந்தால் வக்கீல் வைக்க முடியாதா? சட்டம் என்ன சொல்கிறது?

"அவங்களுக்கு மனசு சரியில்லை, அவங்க சொல்றதை எல்லாம் கணக்குல எடுத்துக்காதீங்க." சொத்துத் தகராறு, விவாகரத்து, மருத்துவமனை அட்மிஷன் என எங்கே வேண்டுமானாலும் இந்த ஒரு வரி வந்து விழும். அதோடு அந்த நபரின் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

பழைய பாடம்

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இன்று நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, யாரையும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. 2018 மே மாதம் முதல் இந்தச் சட்டம் அமலில் இருக்கிறது.

மனநோய் என்றால் 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' தானே?

இல்லை. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாலே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் பிரிவு 3.

வக்கீலுக்குப் பணம் இல்லையே?

பிரிவு 27-ன்படி, இந்தச் சட்டம் தரும் உரிமைகளைப் பெற இலவச சட்ட உதவி உண்டு. அதைவிட முக்கியம், இந்த உதவி இருக்கிறது என்பதை மாஜிஸ்திரேட், போலீஸ் அதிகாரி, மனநல மருத்துவமனைப் பொறுப்பாளர் ஆகியோர் அந்த நபரிடம் சொல்லியாக வேண்டும்; யாரைத் தொடர்புகொள்வது என்ற விவரத்தையும் தர வேண்டும். 'அவர் கேட்கவே இல்லையே' என்று தட்டிக்கழிக்க முடியாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண்: 15100.

விருப்பமில்லாமல் அட்மிட் செய்துவிட்டால்?

நோய் தீவிரமாக இருந்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்து போன்ற நிலை இருந்தால், அவருடைய நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் 30 நாள் வரை அட்மிட் செய்யலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மருத்துவமனை 7 நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் தர வேண்டும். பெண்கள், சிறார் என்றால் 3 நாள்.

அட்மிட் ஆனவரும் வாரியத்தில் முறையிடலாம். கட்டணம் கிடையாது. விதிவிலக்கான சூழலில் போனில் சொன்னால்கூட வாரியம் ஏற்கலாம். நேரில் பேசலாம், வக்கீலையும் வைத்துக்கொள்ளலாம். 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையா? 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம்.

நியமனப் பிரதிநிதியும் வக்கீலும் ஒன்றா?

இல்லை. நியமனப் பிரதிநிதி என்பவர் சிகிச்சை முடிவுகளில் துணை நிற்பவர். மைனர் அல்லாத யாரும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒருவரை நியமிக்கலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். யாரையும் நியமிக்காவிட்டால் பெரும்பாலும் உறவினரே அந்த இடத்துக்கு வருவார். சிக்கலும் இங்கேதான். அட்மிட் செய்யச் சொன்ன உறவினரும், வெளியே வர நினைக்கும் நபரும் எதிரெதிர் பக்கம் நிற்கலாம். அப்போது வக்கீல் கேட்க வேண்டியது குடும்பத்தின் பேச்சை அல்ல, தன் கட்சிக்காரரின் பேச்சை.

கிரிமினல் வழக்கு என்றால்?

குற்றம் சாட்டப்பட்டவரால் தன் தரப்பைச் சொல்ல முடியாத நிலை என்று தெரிந்தால், நீதிமன்றம் அவரைக் கேள்வி கேட்காமல் ஆதாரங்களைப் பார்த்து, அவருடைய வக்கீலின் வாதத்தைக் கேட்க வேண்டும். முகாந்திரம் இல்லை என்றால் விடுவிக்க வேண்டும். இருந்தால், சிகிச்சைக்காக விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் அவருக்கு இருக்கும் ஒரே குரல் வக்கீல்தான்.

இப்போதே செய்யக்கூடியது

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ மனநல சிகிச்சை நடக்கிறதா? நன்றாக இருக்கும் நாளிலேயே நியமனப் பிரதிநிதி யார் என்று எழுதி வைத்துவிடுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம்.